மூடையும் முள்ளந்தண்டும்: பாரம் தூக்கும் முறைகள் பற்றிய ஒரு விளக்கம்

ஒரு நாளில் எத்தனை கிலோ பாரத்தைத் தூக்கி இறக்குகிறோம் என்று எம்மில் எவரும் கணக்கெடுப்பதில்லை. கிணற்றிலிருந்து அள்ளும் ஒரு வாளித் தண்ணீர் ஏறக்குறைய 10 கிலோ. குளிப்பு, சமையல், துவைப்பு என்று ஒரு வீட்டுக்கு முப்பது வாளி அள்ளினால் அது 300 கிலோ. சமையல் எரிவாயுச் சிலிண்டரில் வாயு மட்டும் 12.5 கிலோ, இரும்பின் நிறையும் சேரும்போது அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. நடக்கப் பழகாத குழந்தை எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். அதனை ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதைத் தாய்மார்தான் சொல்ல வேண்டும்.

இவை வீட்டு வேலைகள். பாரம் தூக்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் கணக்கு வேறு. மருதமுனைக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பெரியநீலாவணையை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடற்கரையில், தொழில் முடிந்து வந்த மீனவர் படகு என்ஜினைக் கழற்றித் தோளில் வைத்துக் கொண்டு மணலில் நடக்கிறார். அது 35 முதல் 50 கிலோ வரை வரும். மேற்கே வயற்பக்கம் போனால் நெல் மூடை. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. மூன்று புசல் மூடை 60 கிலோவைத் தாண்டிவிடும். வீடு கட்டும் வளவுகளில் 50 கிலோ சீமெந்துப் பை. இவ்வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்காரர். நாரி பிடித்துக்கொண்டால் அன்றைய சம்பளம் இல்லை. ஒரு மாதம் படுத்தால் வீட்டில் நகை அடகுக்குப் போகும். எனவே இது வைத்தியர்கள் மட்டும் பேசவேண்டிய விடயமன்று.

நாரி வலிக்குக் காரணம் பாரத்தின் நிறைதான் என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. மீதிப் பாதியை விளங்கிக்கொண்டால், அதே வேலையை அதே ஆள் குறைந்த கேட்டுடன் செய்யலாம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 50 கிலோ மூடை ஒன்றை நிலத்திலிருந்து லொறித் தட்டின் உயரமான ஒன்றேகால் மீற்றருக்கு ஏற்றுகிறோம். பாடசாலையில் படித்த சூத்திரப்படி, செய்த வேலை ஏறக்குறைய 610 யூல். உணவுக் கணக்கில் இது ஒரு கலோரியின் ஏழில் ஒரு பங்குதான். எமது தசைகள் தாம் எரிக்கும் சக்தியில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மிகுதி வெப்பமாகி வியர்க்க வைக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு மூடையை ஏற்ற முக்கால் கலோரிகூடச் செலவாகாது. ஒரு பிளேன்ரீயில் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியில் இருபது மூடை ஏற்றுவதற்கான சக்தி இருக்கிறது!

ஆனால் இருபது மூடை ஏற்றியவரிடம் போய் இதைச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. காரணம், இந்தக் கணக்கு மூடைக்கு என்ன நடந்தது என்பதையே சொல்கிறது. மனிதனுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. பாரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால் பௌதிகவியற் புத்தகத்தின்படி செய்த வேலை பூச்சியம். கையோ நடுங்கத் தொடங்குகிறது. தசைநார்கள் இழுத்தபடி நிற்பதற்கே இடைவிடாது சக்தியை எரிக்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

முதுகு ஒரு துலா

ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். ஒரு பாரமாகவே தெரியாது. இப்போது கையை முன்னே நேராக நீட்டி அதே போத்தலைப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் நிற்பதே பெரும்பாடு. நிறை மாறவில்லை, தூரந்தான் மாறியது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நின்ற துலாவை மூத்த வாசகர்கள் அறிவார்கள். நடுவே கால், ஒரு பக்கம் நீண்ட மரத்தின் நுனியில் வாளி, மறுபக்கம் குட்டையான பின்புறத்தில் கட்டிய கல். வாளிப் பக்கம் நீளமாக இருப்பதால் பின்னால் கட்டும் கல் வாளியைவிடப் பல மடங்கு பாரமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் துலா சமநிலைக்கு வராது. நாம் குனிந்து ஒரு பொருளைத் தூக்கும்போது எமது முதுகும் இப்படியான துலாவாகிறது. நாரிப்பகுதி முள்ளென்புதான் பொறுதி. முன்னால் நீட்டிய கையில் உள்ள பாரம் சுமை. பின்னால் முள்ளந்தண்டை ஒட்டி ஓடும் தசைகள்தான் அந்தக் கல். அத்தசைகள் பொறுதியிலிருந்து ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றன. பாரமோ 50 சென்றிமீற்றர் முன்னால் நிற்கிறது. அதாவது பத்துக்கு ஒன்று. 20 கிலோ வாளியைச் சமன் செய்ய அந்தத் தசைகள் 200 கிலோவுக்குரிய விசையில் இழுக்க வேண்டும். முன்னே சாய்ந்த தலை, கை, நெஞ்சு ஆகியவற்றின் நிறையைத் தாங்க இழுக்கும் விசை இதற்கு மேலதிகம். இந்த இழுவை முழுவதும் முள்ளென்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டத்தை நசுக்குகிறது.

அத்தட்டத்துக்குள் உண்மையில் எவ்வளவு அமுக்கம் ஏற்படுகிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த வைத்தியர் நாக்கெம்சன் 1960களில் இதனைத் தொடங்கினார். நிற்கும்போதுள்ள அமுக்கம் 100 என்றால், மல்லாந்து படுக்கும்போது 25, கதிரையில் சாயாமல் இருக்கும்போது 140, நின்றபடி முன்னே குனியும்போது 150 என்று அவரது அளவீடுகள் காட்டின. ஜேர்மனியில் வில்க என்பவரும் சகாக்களும் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 70 கிலோ நிறையுடைய ஒரு தொண்டரின் நாரித் தட்டத்துக்குள் சிறு உணர்கருவியைப் பொருத்தி, அவரை அன்றாட வேலைகள் செய்ய விட்டனர். சும்மா நிற்கும்போது அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 5 மடங்கு. 20 கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கும்போது 23 மடங்கு. முழங்காலை மடித்து முதுகை நேராக வைத்துத் தூக்கும்போது 17 மடங்கு. அதே 20 கிலோவை உடலோடு அணைத்துப் பிடித்து நிற்கும்போது 11 மடங்கு. மோட்டார் காரின் ரயருக்குள் நாம் அடிக்கும் காற்று 2 மடங்கு மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், இத்தட்டம் எதைத் தாங்குகிறது என்பது விளங்கும். ஒரேயொருவரில் அளந்ததாயினும், துலாக் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

முழங்காலை மடிப்பதா, முதுகை வளைப்பதா?

"முழங்காலை மடித்துத் தூக்கு" என்ற அறிவுரை சுகாதாரச் சுவரொட்டிகளில் எல்லாம் உண்டு. ஆனால் வேலைத்தலத்தில் போய்ப் பாருங்கள். நாள் முழுவதும் தூக்குபவர் எவரும் அப்படித் தூக்குவதில்லை. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. குந்தி எழும்பும் ஒவ்வொரு தடவையும் நாம் பாரத்தோடு எமது உடலையும் தூக்குகிறோம். 10 கிலோ வாளியை முக்கால் மீற்றர் உயர்த்த 75 யூல் போதும். அதற்காகக் குந்திய உடலை அரை மீற்றர் உயர்த்த அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். ஒட்சிசன் செலவை அளந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: குந்தித் தூக்குபவருக்கு மூச்சு விரைவாக வாங்குகிறது, குனிந்து தூக்குபவருக்குக் களைப்புக் குறைவு. களைப்பை உடல் அன்றே சொல்லிவிடும். தட்டத்தின் தேய்வைப் பல வருடங்கள் கழித்தே சொல்லும். தொழிலாளி அன்றைக்குச் சொல்வதைக் கேட்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குந்தித் தூக்குவதால் நன்மை கிடைப்பது, பொருள் இரு முழங்கால்களுக்கும் இடையே அடங்கும் அளவினதாக இருந்தால் மட்டுமே. வாளி அடங்கும், குழந்தை அடங்கும். நெல் மூடை அடங்காது. முழங்கால் முன்னுக்குத் தள்ளி நிற்க, மூடை அதற்கும் அப்பால் போய்விடும். பொறுதியிலிருந்து சுமையின் தூரம் கூடி, குனிந்து தூக்குவதைவிடக் கேடாகவும் முடியலாம். எனவே மடிப்பதா வளைப்பதா என்ற கேள்விக்கு முன்னர் கேட்கவேண்டியது, பாரம் உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவகம் 1991 இல் திருத்திய கணக்கீடு இவ்விரண்டையும் இலக்கத்தில் தருகிறது. எல்லாம் மிக வாய்ப்பாக அமைந்தால், அதாவது கை கணுக்காலிலிருந்து 25 சென்றிமீற்றருக்குள், நிலத்திலிருந்து 75 சென்றிமீற்றர் உயரத்தில், உடல் திரும்பாமல், அடிக்கடி அல்லாமல் தூக்குவதாக இருந்தால், 23 கிலோ வரை தூக்கலாம் என்கிறது. அதே பாரம் 50 சென்றிமீற்றர் தள்ளியிருந்தால் பதினொன்றரைக் கிலோவாகிறது. அதுவும் நிலமட்டத்தில் கிடந்தால் 9 கிலோவுக்குக் குறைகிறது. பக்கவாட்டில் முழுதாகத் திரும்பி எடுப்பதானால் ஏறக்குறைய 6 கிலோ. மீன் பெட்டியை எட்டி எடுத்து இடுப்பை முறித்துப் பின்னால் நிற்பவரிடம் கொடுப்பவர் எந்த வரியில் நிற்கிறார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புவதற்கு ஒரு செக்கனே கூடுதலாகும்.

இந்தக் கணக்கில் 60 கிலோ மூடைக்கு இடமே இல்லை. ஆனாலும் அதனை ஒவ்வொரு நாளும் காவுகிறார்களே என்று கேட்கலாம். கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமைமாரைக் கவனித்தால் விடை கிடைக்கும். (தமிழகத்தில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர், தீர்ப்புச் சொல்பவர். இலங்கையில் மூடை சுமப்பவர். சொல்லுக்கும் காலம் ஒரே மாதிரி இருப்பதில்லை.) அவர்கள் மூடையை நிலத்திலிருந்து தனியே தூக்குவதே அரிது. லொறித் தட்டில் நிற்பவர் மூடையை விளிம்புக்குத் தள்ள, கீழே நிற்பவர் முதுகைக் கொடுத்து வாங்குகிறார். பாரம் பிடரிக்கும் தோளுக்கும் நடுவே, முள்ளந்தண்டுக்கு நேர் மேலே வந்து அமர்கிறது. துலாவின் நீண்ட கை அங்கே இல்லாமற் போகிறது. நிலத்தில் கிடக்கும் மூடையை ஏற்ற வேண்டி வந்தால் இருவர் பிடித்துவிடுகிறார்கள். இது தலைமுறையாக வந்த தொழில் அறிவு. தட்டத்தை இன்னமும் நசுக்குகிறதுதான், ஆனால் முறிப்பதில்லை.

இருவர் சேர்ந்து தூக்கினால் இரு மடங்கு தூக்கலாம் என்பதும் சரியன்று. இருவரின் தனித்தனித் திறனைக் கூட்டி அதில் மூன்றில் இரண்டு பங்கையே எதிர்பார்க்க வேண்டும் என்பது பிரித்தானியாவின் வழிகாட்டல். உயர வித்தியாசமும், ஒருவர் முந்தி மற்றவர் பிந்துவதும் மிகுதியைத் தின்றுவிடுகின்றன. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணித் தூக்கும் வழக்கத்துக்கு இதுவே பயன்.

கிணற்றடியில்

கப்பி போட்டால் தண்ணீரின் பாரம் குறைகிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒற்றைக் கப்பியில் பாரம் ஒரு கிராமும் குறையாது. மாறாக, இழுக்கும் திசை மாறுகிறது. கப்பி இல்லாத கிணற்றில் கட்டுக்கு மேலால் சாய்ந்து, கையை முன்னே நீட்டி, மேல்நோக்கி இழுக்கிறோம். அது துலாவின் நீண்ட கை. கயிறு கட்டின் விளிம்பில் உராய்ந்தால் அந்த உராய்வையும் சேர்த்து இழுக்கிறோம். கப்பி இருந்தால் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கலாம். உடலின் சொந்த நிறையே பாதி வேலையைச் செய்துவிடும். கரைவலை இழுப்பவர்கள் உடலைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பதும் இதே உபாயந்தான்: கை இழுப்பதில்லை, உடல் விழப் பார்க்கிறது.

துலா இன்னும் ஒரு படி மேல். கல்லின் அளவைச் சரியாகக் கட்டினால் 10 கிலோ தண்ணீரை ஏற்ற 10 கிலோவும் ஒரே இழுப்பில் வேண்டியதில்லை. வெறும் வாளியைக் கீழே அமுக்கும்போது பாதி, நிறைந்த வாளியை மேலே இழுக்கும்போது பாதி. மொத்த வேலை மாறாது; உச்ச முயற்சி பாதியாகிறது. உடல் முறிவது மொத்தத்தால் அல்ல, பெரும்பாலும் உச்சத்தாலேயே.

தூக்குதல் வேறு, காவுதல் வேறு

தூக்கிய பாரத்தைக் கொண்டுபோக வேண்டும். இந்திய ஆய்வாளர்களான தத்தாவும் இராமநாதனும் 1971 இல் ஏழு விதமான காவும் முறைகளை ஒட்சிசன் செலவால் ஒப்பிட்டனர். முன்னும் பின்னுமாகப் பாரத்தைப் பிரித்துக் கட்டியது மிகச் சிக்கனமானது. தலையில் வைப்பது ஏறக்குறைய அதற்குச் சமம். காவுதடி ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். இரு கையிலும் தூக்கிச் செல்வது மிக மோசம்: 44 சதவீதம் கூடுதல்.

தலைச்சுமை பற்றி இன்னொரு வியப்பான ஆய்வு 1986 இல் வெளிவந்தது. கென்யாவில் சிறு வயது முதல் தலையில் சுமந்து பழகிய பெண்கள், தமது உடல் நிறையின் ஐந்தில் ஒரு பங்கு வரை மேலதிக சக்தி எதுவும் செலவிடாமல் காவினார்கள். ஆனால் தென்னாபிரிக்காவில் பிற்காலத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இச்சலுகை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கழுத்து வலியே பலரின் முறைப்பாடாக இருந்தது. நேபாளத்துச் சுமை தூக்குவோர் நெற்றிப் பட்டையில் மாட்டி, சராசரியாகத் தமது நிறைக்குக் கிட்டிய பாரத்தை மலையேற்றுகிறார்கள். இவற்றைப் படித்துவிட்டு எமது பெண்களையும் தலையில் வை என்று சொல்வது விவேகமன்று. பழகாத கழுத்துக்கு அது ஆபத்து.

நாம் உடனே மாற்றக்கூடியது ஒற்றைக்கைச் சுமையை. கனடாவில் 2013 இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு கையில் மட்டும் 30 கிலோ காவியபோது, இரு கையிலும் முப்பது முப்பதாக 60 கிலோ காவியதைவிட நாரியில் அமுக்கம் கூடுதலாக இருந்தது! பாரம் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கத் தசைகள் முழு விசையோடு எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதே காரணம். இடுப்பில் வைக்கும் குடமும் இவ்வாறே. ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையோரத்துக் கிணறுகள் உவர்த்து, பவுசர் தண்ணீரைக் காவிய நாட்களை நினைவுள்ளவர்கள், ஒரு பெரிய வாளியைவிட இரு சிறு வாளிகள் எவ்வளவு இலகு என்பதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள்.

அதிகாலை வேலை பற்றியும் ஒரு சொல். இரவில் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டுத் தட்டங்கள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. காலையில் நாம் ஒரு சென்றிமீற்றருக்கு மேல் உயரமாக இருப்பது இதனாலேயே. ஊதிய தட்டம் வளைவை விரும்புவதில்லை. எழும்பியவுடன் ஆழக் குனிந்து பாரம் தூக்கினால் கேடு கூடுதல். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடமாடிய பின்னர் அது பெருமளவு தணிகிறது. படகு தள்ள விடிய முன்னர் போகிறவர்களும், காலை லொறிக்கு மூடை ஏற்றுகிறவர்களும் முதல் வேலையாகப் பாரத்தில் கை வைக்காமல், கயிறு எடுப்பது, பலகை அடுக்குவது போன்றவற்றை முன்னே வைத்துக்கொள்ளலாம்.

நாரிக்குப் பட்டி கட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இப்போது பரவி வருகிறது. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடை ஊழியரிடம் செய்து 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பட்டி கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. அதைவிடச் சங்கடமான செய்தி, சரியாகத் தூக்குவது எப்படி என்று வகுப்பு நடத்துவதாலும் நாரி வலி குறையவில்லை என்பது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011 இல் வந்த முடிவு இது. இக்கட்டுரையும் ஒரு வகையில் அத்தகைய வகுப்பே. ஆகவே ஆளைத் திருத்துவதை விட்டுப் பாரத்தைத் திருத்துவது பற்றிப் பேச வேண்டும்.

சர்வதேசத் தொழில் அமைப்பு 1967 இல் நிறைவேற்றிய 127 ஆம் இலக்கச் சமவாயம், உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய பாரத்தை எத்தொழிலாளியும் சுமக்க விடப்படலாகாது என்கிறது. அதனுடன் வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சமாக வைத்தது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. எமது மூன்று புசல் மூடை இந்தத் தாராளமான எல்லைக்கும் மேலே நிற்கிறது. பிரித்தானியாவில் இன்று கடையில் விற்கும் சீமெந்துப் பை 25 கிலோ. அங்குள்ளவர்கள் பலவீனர்கள் என்பதனால் அல்ல. பையின் அளவை எவரோ தீர்மானிக்கிறார்கள், அதை மாற்றலாம் என்று கண்டதனால். நெல்லை இரண்டு புசலாகக் கட்டச் சொல்லி வாங்குவோரிடம் கமக்காரர் சங்கம் ஒன்று கேட்க முடியும். மூடைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அதனால் சம்பளம் குறையாதபடி கூலியை நிறைக் கணக்குக்கு மாற்ற வேண்டும். இதைப் பேசாமல் மூடையை மட்டும் சிறிதாக்கினால் தொழிலாளியே முதலில் எதிர்ப்பார். அதில் தவறும் இல்லை.

பாரம் தூக்கிய பின் நாரியிலிருந்து கால் வரை மின்னல் போல் வலி இறங்கினாலோ, பாதம் விறைத்துத் தூக்க முடியாமற் போனாலோ வைத்தியரைக் காண வேண்டும். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமற் போதல், சிறுநீர் வெளியேறாமை, தொடையிடை மரத்துப்போதல் ஆகியன அவசர நிலை. எண்ணெய் பூசிக்கொண்டு காத்திராமல் அன்றே கல்முனை ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சாதாரணப் பிடிப்பாயின் பல நாள் பாயில் கிடப்பது நல்லதன்று. இயன்றளவு நடமாடுபவரே விரைவில் குணமடைகிறார்.

செலவில்லாத ஒரு வேலை மீதமிருக்கிறது. தூக்கும் வேலையில் மிகக் கெட்ட பகுதி நிலத்திலிருந்து முழங்கால் வரையிலான உயரமே. அந்தப் பகுதியை இல்லாமற் செய்ய ஒரு வாங்கு போதும். கிணற்றுக் கட்டுக்கு அருகே, அரிசிப் பையும் சிலிண்டரும் வைக்கும் அறையில், மீன் பெட்டி இறக்கும் வாடியில், நெல் களஞ்சியத்தின் வாசலில், நாலு சீமெந்துக் கல் அடுக்கி மேலே ஒரு தடித்த பலகை போடலாம். உயரம் 75 சென்றிமீற்றர். குள்ளமானவர்கள் வேலை செய்யும் இடமானால் சிறிது குறைக்கலாம். லொறியிலிருந்து இறக்கும் மூடை முதலில் அதன்மேல்தான் இறங்க வேண்டும்.